லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சுவிட்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்து மலைப்பகுதியில் லவுட்டர்புருன்னன் என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. வெங்கன், மியூரன், கிம்மல்வால்ட், ஸ்டெக்கல்பெர்க், ஈசன்ஃப்ளூ எல்லாம் அதற்குள் அடங்கிய சிற்றூர்கள். பேர்ணில் குடியிருக்கும் நான் பல வருடங்களாகக் கோடை தவறாமல் அங்கே போய் நடக்கிறேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யுங்ஃப்ராவ்யோக் பனிமேட்டுக்குப் போகும் வழியில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. லவுட்டர்புருன்னனில் எதைப் பார்க்கலாம்? (சென்னையிலிருந்து ஓர் அக்கா)

இரண்டே மணி நேரம் என்றால் ஸ்டௌப்பாக் அருவி மட்டும் போதும் அக்கா. ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை. உயரம் 297 மீட்டர். 'ஸ்டௌப்' என்றால் ஜெர்மன் மொழியில் தூசு. கீழே நின்று பார்த்தால் அந்தப் பெயர் ஏன் என்று புரியும். பாறை விளிம்பைத் தாண்டியதுமே நீரைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பாதி வழி இறங்குவதற்குள் அது நூல் நூலாகப் பிரிந்து, புகையாகி, பக்கவாட்டில் ஆடுகிறது. ஒரு நிமிடம் முகமெல்லாம் நனையும். அடுத்த நிமிடம் காற்று திரும்பிவிடும், நம்மேல் ஒரு துளி விழாது. 1779இல் கவிஞர் கேத்தே இங்கே வந்து இதைப் பார்த்துவிட்டுத்தான் மனித உயிரை நீருக்கு ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதினார்.

ஆனால் முடிந்தால் பயணத் திட்டத்தையே மாற்றுங்கள் என்று சொல்வேன். யுங்ஃப்ராவ்யோக்கில் இருக்கும் 3,454 மீட்டர் உயரத்து ரயில் நிலையம் பெரிய அதிசயம்தான், மறுக்கவில்லை. 1896இல் தொடங்கி 1912இல் முடித்த மலைச்சுரங்கப் பாதை அது. ஆனால் அங்கே மேகம் மூடிவிட்டால் அத்தனை பணமும் வெள்ளைச் சுவரைப் பார்த்ததோடு போய்விடும். பள்ளத்தாக்கு அப்படி ஏமாற்றாது, மழை பெய்தால் அருவிகள் இன்னும் பெருகும். ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

72 அருவிகள் என்கிறார்களே, உண்மையா? எந்த மாதம் வரலாம்? (மதுரை)

72 என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்லும் கணக்கு. பனி உருகும் மே, ஜூனில் போனால் எண்ணிப் பார்க்கவே முடியாது, பாறை முழுக்க வெள்ளைக் கோடுகளாக இருக்கும். இலையுதிர் காலத்தில் பல கோடுகள் மறைந்துவிடும்.

இத்தனை அருவிகள் ஒரே இடத்தில் அமைந்ததற்குக் காரணம் பனியாறு. பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கு நிறையப் பனி இருந்தது. அது நகர்ந்து நகர்ந்து தரையையும் சுவர்களையும் செதுக்கிக்கொண்டே போய், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறையாக விட்டுவிட்டது. பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகளில் அவ்வளவு பலமான பனி இல்லாததால் அவை மேலேயே தங்கிவிட்டன. அங்கிருந்து வரும் ஓடைகளுக்குக் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மியூரன்பாக் அருவி இப்படித்தான் 417 மீட்டர் இறங்குகிறது. 1240ஆம் ஆண்டு லத்தீன் ஆவணத்திலேயே இந்த ஊரைத் 'தெளிந்த ஊற்று' என்ற பொருளில் குறித்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பரிலும் சில கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். நாளைக் குறிப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதான அப்பா அம்மாவும் மூன்று வயது மகளும் கூட வருகிறார்கள். ட்ரூமல்பாக் அருவிக்குப் போகலாமா? (சிங்கப்பூர்)

மகளை உள்ளே விடமாட்டார்கள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. நீங்களும் துணைவரும் மாறி மாறிப் போய்வாருங்கள். அப்பா அம்மாவைப் பொறுத்தவரை, அருவி மலைக்குள் இருப்பதால் சுரங்கத்துக்குள் லிஃப்ட் ஒன்று பாதி உயரத்துக்கு மேல் ஏற்றிவிடும். ஆனால் அதற்கு அப்புறமும் படிகள் உண்டு, எல்லாம் ஈரம். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். வந்தால் ரப்பர் அடி வைத்த ஷூவும், கோடையானாலும் ஒரு ஸ்வெட்டரும் அவசியம்.

போகக்கூடியவர்கள் தவறவிடவே கூடாத இடம் இது. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாற்று நீரும் இந்த ஒரே ஓடைக்குள் வருகிறது, நொடிக்கு 20,000 லிட்டர் வரை. மலையின் வயிற்றுக்குள் பத்து அடுக்காக விழுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளங்கையில் அதிர்வு ஏறும். பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். தண்ணீர் பாறையைத் திருகித் திருகிக் குடைந்திருப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியும். நான் முதல் தடவை போனபோது அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். ஊரிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் போகும் மஞ்சள் பஸ் வாசலிலேயே இறக்கிவிடும்.

மலையும் அருவியும் சரி. பழைய காலத்துச் சின்னங்கள் ஏதாவது உண்டா? எனக்கு அதில்தான் ஆர்வம். (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

ஐயா, இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

இங்கே கோட்டையோ அரண்மனையோ கிடையாது. மேட்டில் குடியேறி வாழ்ந்த மனிதர்களின் கதைதான் இந்த ஊரின் மரபு. தெற்கே, பனிமூடிய மலைத்தொடருக்கு அப்பால், லோட்ஷன் பள்ளத்தாக்கு இருக்கிறது. இடைக்காலத்தில் அங்கிருந்த மக்கள் பனியாற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்து மியூரன், கிம்மல்வால்ட், ட்ராக்ஸெல்லவுவனன் போன்ற இடங்களில் குடியேறினார்கள். மாடுகளோடும் பிள்ளைகளோடும் அந்தப் பனிமேட்டை எப்படித் தாண்டியிருப்பார்கள் என்று மியூரனில் நின்று எதிரே பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

முதலில் தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மாவு ஆலைக் கட்டடத்தில் இருக்கும் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கோடையில் சில நாட்கள், அதுவும் பிற்பகலில்தான் திறப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்குப் பெண்கள் குளிர்காலத்தில் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னிய லேஸ் வேலைப்பாடு அங்கே இருக்கிறது. அவ்வளவு கரடுமுரடான வாழ்க்கைக்குள் அவ்வளவு நுணுக்கமான கைவேலை!

அடுத்து ட்ராக்ஸெல்லவுவனன். ஸ்டெக்கல்பெர்க்கில் பஸ் நின்றதும், ஆற்றோரமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் மேலே ஏற வேண்டும். பல தலைமுறைகளாக அங்கே ஈயமும் வெள்ளியும் தோண்டினார்கள். தாதுவை உருக்கிய உலையின் கல்சுவர்கள் மரங்களுக்கு நடுவில் இன்னும் நிற்கின்றன. கூட்டமே இருக்காது.

அப்புறம், ஊருக்குள் நடக்கும்போது பழைய மரவீடுகளின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் உத்தரத்திலேயே செதுக்கியிருப்பார்கள்.

இண்டர்லாக்கனிலிருந்து ரயில் குழப்பமா? (டொராண்டோ)

குழப்பமில்லை, ஒரே ஒரு எச்சரிக்கை. இண்டர்லாக்கன் கிழக்கு நிலையத்தில் நிற்கும் ரயில் வழியில் ட்ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். ஒருமுறை அம்மாவோடு பேசிக்கொண்டே மாறி ஏறி, எங்கள் காலைப்பொழுதை நான் இழந்திருக்கிறேன். சரியாக ஏறினால் இருபது நிமிடம்தான்.

மியூரனா, வெங்கனா? ஒரு நாள்தான் இருக்கிறது. (கோவையிலிருந்து ஒரு தம்பி)

மியூரன். இரண்டு ஊருக்கும் காரில் போக முடியாது, இரண்டும் அழகு. ஆனால் மியூரன் பக்கம் நடை இன்னும் நன்றாக இருக்கும் தம்பி. லவுட்டர்புருன்னன் நிலையத்துக்கு எதிரே கேபிள் கார் ஏறி க்ரூட்ஷால்ப் போய், அங்கிருந்து 1891இல் போட்ட ரயில் பாதையை ஒட்டியே நட. ஒன்றேகால் மணி நேரம், பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, மூன்று சிகரங்களும் இடப்பக்கம் கூடவே வரும். மியூரனிலிருந்து கிம்மல்வால்டுக்கு இறங்கு. மாட்டுக் கொட்டிலும் விறகு அடுக்கும் வைத்திருக்கும் மெய்யான உழவர் ஊர் அது. அங்கிருந்து கேபிள் காரில் கீழே. சுவிஸ் டிராவல் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பஸ் சீட்டு) இருந்தால் மியூரன் வரை தனிக்கட்டணம் இல்லை.

வழியில் மேய்ச்சல் வேலியின் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போ. புல்வெளிக்குள் இறங்கிப் படம் எடுக்காதே, அது மாட்டுக்குக் குளிர்காலத் தீனி.

சைவச் சாப்பாடு? (திருச்சி)

பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் உங்களுக்குப் பிடித்தால் கவலை இல்லை. ரோஸ்டி (துருவிய உருளைக்கிழங்கு வறுவல்), மக்ரோனி எது கேட்டாலும் பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே கோஓப் கடை இருக்கிறது. ரொட்டி, பழம், தயிர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் செலவு பாதியாகும். தெருக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

குளிர்காலத்தில் வந்தால்? (லண்டன்)

பனிச்சறுக்குப் பிடித்தவர்களுக்கு இது முக்கியமான ஊர். கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கும் இன்றைய ஸ்லாலம் போட்டி மியூரனில்தான் 1922இல் உருவானது, 1931இல் மலைச்சரிவுப் பனிச்சறுக்கின் முதல் உலகப் போட்டியும் அங்கேயே. வெங்கனில் 1930 முதல் லவுபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. ஜனவரியில் அந்த வாரம் அறை கிடைப்பது கடினம்.

தனியாக வருகிறேன், நன்றாக நடப்பேன். கூட்டமே இல்லாத ஓர் இடம் சொல்லுங்கள் அண்ணா. (பெங்களூரு)

ஓபர்ஸ்டைன்பெர்க். ஸ்டெக்கல்பெர்க்கிலிருந்து மூன்று மணி நேர ஏற்றம், 1,778 மீட்டர். அங்கே மின்சாரம் இல்லாத ஒரு பழைய மலை விடுதி இருக்கிறது, இரவு வெளிச்சம் மெழுகுவத்திதான். மறுநாள் விடியற்காலை இன்னும் மேலே ஓபர்ஹார்ன் ஏரிக்குப் போ. பனியாறுகளுக்குக் கீழே சின்னஞ்சிறு ஏரி, நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். கோடை மாதங்களில் மட்டும்தான் விடுதி நடக்கும், முன்பதிவு செய்யாமல் ஏறாதே. மொபைலைக் கீழேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்.