இடம்பெயர்ந்து விட்டிட்டு வந்த காணி, இருக்கிறவருக்கே சொந்தமாப் போயிடுமா?

வவுனியாவில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில கோப்பாய விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சி, கிளிநொச்சி, கடைசியா செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் எண்டு அலைஞ்சு இப்ப வவுனியாவில இருக்கிறா. அவவின்ர சீதனக் காணியில, வலிவடக்கில (வலிகாமம் வடக்கில) இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்த 1996ல மாமா இருக்க விட்டவர். இப்ப அந்த ஆள் "இவ்வளவு வருசமா நான்தான் ஆட்சி, காணி எனக்கு" எண்டு மதில் கட்டுறாராம். காணி உறுதியும் துலைஞ்சு போச்சு, 2009ல இருந்து கணவரையும் காணேல்ல.

அக்கா, பத்து வருசம் இருந்தா காணி சொந்தம் எண்டு எங்கட சனம் சொல்லுறது பாதிதான் சரி. 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டத்தின்ர 3ஆம் பிரிவு சும்மா இருந்தாக் காணும் எண்டு சொல்லேல்ல, உரிமைக்காரருக்கு எதிரா, அவரின்ர உரித்த ஏற்காம, தொடர்ச்சியா பத்து வருசம் இருந்திருக்கோணும். மாமா "இருங்கோ" எண்டு விட்டவரெண்டா அந்த ஆள் அனுமதியில வந்தவர், அப்பிடி வந்தவருக்கு எத்தின வருசம் போனாலும் ஆட்சி ஓடாது, இனி இது என்ர காணி எண்டு அவர் வெளிப்படையா எதிர்த்து நிண்ட நாளில இருந்துதான் கணக்கு. அதால மதில் எப்ப துவங்கினது எண்டத இண்டைக்கே எழுதி வையுங்கோ, போட்டோவும் எடுப்பியுங்கோ. மாமா உயிரோட இருந்தா அவரிட்ட சத்தியக் கடதாசி வாங்குங்கோ. சோலைவரி (வீடு வளவுக்குக் கட்டுற வரி) ஆரின்ர பேரில கட்டுப்பட்டது, அந்த ஆளின்ர நிவாரண அட்டையில என்ன கிடக்கு, கிராம சேவையாளரிட்ட அவர் இடம்பெயர்ந்தவர் எண்டு பதிவிருக்கோ, இதெல்லாம் அவர் உரித்தோட வரேல்ல எண்டதக் காட்டும்.

எனக்கு மனசு கொதிக்கிற இடம் அதே சட்டத்தின்ர 13ஆம் பிரிவு. சின்னப் பிள்ளையள், மனநிலை சரியில்லாத ஆக்கள், கடல் கடந்து போன ஆக்கள், இவைக்குத்தான் அது, பத்து வருசக் கணக்கு எதிரா ஓடாத சலுகையக் குடுக்குது. கனடாவுக்குப் போனவருக்கு அந்தச் சலுகை, செட்டிகுளத்தில கூடாரத்துக்குள்ள முள்ளுக்கம்பிக்குப் பின்னால கிடந்த உங்களுக்கு இல்ல, ஏனெண்டா நீங்கள் நாட்ட விட்டுப் போகேல்லயாம். இந்தக் குறைய நிரப்பத்தான் 2016ல 5ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்குமான காலத்த ஆட்சிக் கணக்கில சேர்க்கக் கூடாது எண்டு. ஆனா அதின்ர வாசகம் ஆயுதக் குழுக்களின்ர நடவடிக்கையால கோட்ஸுக்குப் போக ஏலாத ஆக்களப் பற்றினது, ஆமி அடிச்சு வந்ததால ஓடின நீங்கள் அதுக்குள்ள வருவீங்களா எண்டு மற்றப் பக்க லோயர் கட்டாயம் கேப்பார், அந்தச் சட்டத்தில வழக்குப் போடுற காலக்கெடு முடிஞ்சிட்டுது எண்டும் கிளப்புவார். அதால அத மட்டும் நம்பி வழக்குப் போடாதேங்கோ, அனுமதியில வந்தவர் எண்ட வாதத்த முன்னுக்கு வையுங்கோ.

உறுதி துலைஞ்சதுக்கு அழ வேண்டாம். நொத்தாரிசு ஒரு பிரதிய தன்னட்ட வச்சிட்டு இன்னொண்ட காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில தேடி, அத்தாட்சிப்படுத்தின கொப்பி எடுங்கோ. அப்பிடியே அந்த ஆள் ஏதும் புது உறுதி எழுதிப் பதிஞ்சிருக்கிறாரோ எண்டும் பாத்து, இனி ஆரும் அந்தக் காணிக்கு உறுதி பதிய வந்தா உங்களுக்கு அறிவிக்கச் சொல்லி கேவியட் (அறிவித்தல் கேக்கிற விண்ணப்பம்) ஒண்டு பதியுங்கோ.

கணவர் விசயம். தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டப்படி) கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர காணிய விக்கவோ எழுதிக் குடுக்கவோ கணவரின்ர எழுத்துச் சம்மதம் வேணும், அவர் எங்க எண்டு தெரியாட்டி மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி ஆரும் நெருக்கினா எடுக்கத் தேவையில்ல, 2016ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு காணாமற்போனதுக்கான சான்றிதழ் எடுக்கலாம், அதால தேடுற உரிமை போகாது. வழக்குக்கு முன்னமே லோயருக்கு இதச் சொல்லிப் போடுங்கோ.

தம்பிமாரக் கூட்டிக்கொண்டு போய் மதில மட்டும் உடைச்சுப் போடாதேங்கோ. பலாத்காரமா வெளியேத்தினா ரெண்டு மாசத்துக்குள்ள அவர் முறையிட்டு கோட்ஸ் மூலம் திரும்பி உள்ள வந்திடுவார், நீங்கள் பொலிஸுக்கு அலையோணும்.

அந்தக் குடும்பமும் இடம்பெயர்ந்த குடும்பம்தான். அவையின்ர வலிவடக்குக் காணி ஆமியிட்ட இருந்து விடுபட்டிட்டுதோ எண்டு விசாரியுங்கோ, விடுபட்டிருந்தா மத்தியஸ்த சபையில இருந்து பேசி, வெளிக்கிட ஒரு வருசம் தவணை குடுத்து, இருக்கிறது அனுமதியிலதான் எண்டு அவரிட்ட எழுத்தில வாங்கினா வழக்கே தேவைப்படாது. காசில்லாட்டி வவுனியா சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு இந்தக் கடதாசியளோட போங்கோ, வசதியில்லாத ஆக்களுக்கு அங்க லோயர் தருவினம்.