வாசகர் கேள்வி: படுவான்கரையில் மூன்று நாள்

கேள்வி: அக்கா, கொழும்பில் வங்கி வேலை. இரண்டு வருடமாக ஒழுங்கான நித்திரை இல்லை. பாசிக்குடாவில் மசாஜ், யோகா எல்லாம் உள்ள ஹோட்டலில் நாலு நாள் தங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இரண்டு வருடம் என்கிறீர்கள். முதலில் ஒரு வைத்தியரைக் காணுங்கள், அப்புறம் பயணம்.

பாசிக்குடாக் கடல் நல்லது. கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் ஆழமில்லை, நீந்தத் தெரியாதவரும் பயமின்றி இறங்கலாம். அதற்கு ஒரு நாள் போதும். மிச்ச மூன்று நாளையும் படுவான்கரைக்குக் கொடுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை. சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. அங்கே வயலும் குளமும் மாட்டுப் பட்டியும்தான். என் அம்மம்மா வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் பாலம் வரும்வரை மண்முனையில் பாதை ஏறித்தான் போவோம். பாதை என்றால் ஆளையும் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றுகிற மிதவை. அது நடு வாவிக்கு வரும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டில் தங்குங்கள். சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் உரிய காசைக் கொடுத்துவிடுங்கள், விருந்தாளி என்று அவர்கள் மறுத்தாலும். அவர்கள் எழும்பும்போது எழும்பி, வயலுக்குப் போகும்போது கூடவே போங்கள். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, வாவி மீன் குழம்பு, கடைசியில் எருமைத் தயிர். அம்மம்மா அதைச் சிரட்டை அகப்பையால் வெட்டித்தான் எடுப்பார். வெட்டிய பக்கம் சுவர்போல் அப்படியே நிற்கும். அதைச் சாப்பிட்டுத் திண்ணையில் பாய் போட்டால் யாரும் தாலாட்ட வேண்டாம்.

வைகாசியில் வர முடிந்தால் இன்னும் நல்லது. கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் மாதம் அது. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபம் ஆறக் குளிர்த்தி பாடுவார்கள். நித்திரைக்கு வழி கேட்ட உங்களை அந்த ஓர் இரவு மட்டும் விழித்திருக்கச் சொல்வேன். ஊரோடு சேர்ந்து விழித்திருப்பது, தனியே கட்டிலில் புரள்வது போல இல்லை. கார்த்திகை, மார்கழியில் வராதீர்கள். மாரி வெள்ளம் வழியை மறித்துவிடும்.

திரும்பும்போது பௌர்ணமி வாய்த்தால் வாவியில் கல்லடிப் பழைய பாலத்தடிக்கு ஒரு தோணியில் போங்கள். தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொல்வார். வாவிக்கு அடியிலிருந்து வரும் இசைபோன்ற ஒலியைத்தான் பாடும் மீன் என்பார்கள். அது எனக்கு ஒரே ஒருமுறைதான் கேட்டது, தம்புராவில் ஒற்றைத் தந்தியை மீட்டியதுபோல. மற்றத் தடவைகளில் துடுப்பில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும்தான். அதற்கும் அரைமணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறேன்.