கல்லீரல் மாற்று சிகிச்சையும் எலும்பு இழப்பும்

கேள்வி: என் கணவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. புதிய கல்லீரல் நன்றாக இயங்குகிறது. ஆனால், இரண்டு வாரங்களாக முதுகுவலி இருப்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கல்லீரலுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? ஸ்டீராய்டு மாத்திரைதான் காரணம் என்றால், அதை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பவற்றில் அந்த மாத்திரையும் ஒன்று. சில வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென விடுவதே தனியொரு ஆபத்து. அளவைப் படிப்படியாகக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எலும்பின் பாதிப்பு பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எலும்புக்குக் கால்சியம் கிடைக்க உதவும் வைட்டமின் டி முதலில் கல்லீரலில்தான் மாற்றம் அடைகிறது. நாள்பட்ட கல்லீரல் நோயில் அதன் அளவு குறைகிறது, பித்த ஓட்டம் தடைபட்டால் அது குடலில் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. தசை மெலிவும், பாலின ஹார்மோன்களின் குறைவும், நீண்ட நாள் படுக்கையும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. இப்படி நலிந்திருக்கும் எலும்பின் மீதுதான், மாற்று சிகிச்சைக்குப் பின் அதிக அளவில் தரப்படும் ஸ்டீராய்டின் தாக்கமும் விழுகிறது. அதனால் முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் இழப்பு மிக வேகமாக இருக்கும். ஸ்டீராய்டு குறைந்து, நடமாட்டம் கூடிய பிறகு, பலருக்கு எலும்பு மெல்ல மீளத் தொடங்குகிறது என்பது உண்மையான ஆறுதல்.

உங்கள் கணவர் இப்போது அந்த வேகமான காலகட்டத்தில் இருப்பதால், முதுகுவலியை அசதி என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் கருத்து. இக்காலத்தில் முதுகெலும்பும் விலா எலும்புகளும்தான் அதிகம் முறிகின்றன. கீழே விழாமலேயேகூட முதுகெலும்பு நசுங்கக்கூடும், சிலருக்கு வலிகூடத் தெரியாமல் உயரம் மட்டும் குறைந்திருக்கும். ஆகவே அடர்த்திப் பரிசோதனையோடு முதுகெலும்பின் எக்ஸ்-ரேயும் தேவையா என்று கேளுங்கள். பரிசோதனையில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு நலிந்து எளிதில் முறியும் நிலை எனக் கொள்வார்கள்; முறிவு ஏற்கெனவே இருந்தால், எண் எதுவானாலும் சிகிச்சை தேவைப்படலாம்.

பொதுவாக, உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் கிடைக்க வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்வார்கள். அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. அவற்றைத் தொடங்கும் முன் சிறுநீரகச் செயல்பாட்டையும் பற்களின் நிலையையும் பார்ப்பது அவசியம். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். முதுகெலும்பு முறியவில்லை என்று உறுதியாகும் வரை கனமான பொருள்களைத் தூக்குவதையும் முன்னால் வளைந்து வேலை செய்வதையும் அவர் தவிர்க்கட்டும்.

நடக்கும்போது இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி தோன்றினால், அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ஸ்டீராய்டினால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது சிதைவதுண்டு. தொடக்க நிலையில் அதைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படும், அடர்த்திப் பரிசோதனையில் தெரியாது.