வீட்டு ஸ்டவுட்டை எத்தனை நாள் வைக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீட்டுல இம்பீரியல் ஸ்டவுட் (வறுத்த பார்லி போட்டுக் காய்ச்சுற கறுப்பான ஸ்ட்ராங் பியர்) போட்டேன். ஆரம்ப கிராவிட்டி (தண்ணியோட ஒப்பிட்டா எவ்ளோ அடர்த்தின்னு காட்டுற அளவு) 1.095, புளிச்சு முடிஞ்சப்ப 1.024. பாட்டில்ல அடைச்சு ரெண்டு மாசம் ஆச்சு, குடிச்சா நெஞ்சு எரியுது, கரிஞ்ச கசப்பு வேற. கீழ கொட்டிடவா?
- வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: கொட்டாதீங்க தம்பி! நீங்க சொன்ன ரெண்டு கிராவிட்டிக்கும் உள்ள வித்தியாசப்படி 9 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கு, இவ்ளோ ஸ்ட்ராங்கான ஸ்டவுட்டை ரெண்டு மாசத்துல குடிச்சுப் பாத்து முடிவு பண்றது அதுக்குச் செய்ற அநியாயம். நீங்க இருக்கிற ஊரோட சரக்குதான் இது, தேம்ஸ் கரையில சதக்ல இருந்த ஆங்கர் ப்ரூவரியில காய்ச்சி 18ஆம் நூற்றாண்டுலயே ரஷ்ய அரண்மனைக்கு அனுப்பினாங்க, அந்த வழியில வந்த கரேஜ் கம்பெனியோட ரஷ்யன் ஸ்டவுட்டை எல்லாம் ஆளுங்க வருஷக்கணக்கா எடுத்து வச்சுக் குடிச்சிருக்காங்க.

வைக்க வைக்க என்ன ஆகும்னா, ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தர்ற பூ) கசப்பு மெல்ல இறங்கும், வறுத்த பார்லியோட காரம் அடங்கும், உலர் திராட்சை, பேரீச்சை மாதிரி ஒரு வாசம் மேல வரும். ஆறு மாசத்துல ஒண்ணு, ஒரு வருஷத்துல ஒண்ணுன்னு திறந்து பாருங்க, மாற்றம் நல்லாவே தெரியும்.

ஆனா ஒண்ணு, பெயிண்ட் தின்னர் வாடை அடிச்சா அது வேற கதை. ஈஸ்ட் சூட்டுல வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம், அது எத்தனை வருஷம் வச்சாலும் முழுசா போகாது. காலம் நல்ல பியரை இன்னும் நல்லதாக்கும், கெட்டதைத் திருத்தாது, இதை நான் எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொல்வேன். அடுத்த தடவை 19 லிட்டருக்கு டிரை ஈஸ்ட் ரெண்டு பாக்கெட் போடுங்க, முதல் நாலஞ்சு நாள் 18 டிகிரியைத் தாண்ட விடாதீங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும்.

பாட்டில்களை வெளிச்சம் படாம நிக்க வச்சே வைங்க. 10லேர்ந்து 13 டிகிரின்னா ரொம்ப நல்லது, மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அலமாரி பரவால்ல, ஆனா வெயில் காலத்துல கொதிக்கிற லாஃப்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடியே கேன்லயே சில மாசம் விட்டு, ஓக் கட்டை போடலாமா?
- வாசகர், டொராண்டோ

பதில்: தாராளமா போடலாம், ஆனா பிளாஸ்டிக் பக்கெட்ல வேண்டாம், காத்து மெல்ல உள்ள போய்ட்டே இருக்கும், கடைசில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம்தான் மிஞ்சும். கண்ணாடிக் கார்பாய்ல (குறுகின கழுத்துள்ள பெரிய ஜாடி) கழுத்து வரைக்கும் நிரப்பி வைங்க, ஏர்லாக்ல (காஸை வெளிய விட்டு காத்தை உள்ள விடாத மூடி) தண்ணி வத்தாம பாத்துக்கங்க. முதல்ல அடில படிஞ்ச ஈஸ்ட்டை விட்டுட்டு மேல தெளிஞ்சதை மட்டும் மாத்துங்க, இல்லேன்னா பல மாசத்துல செத்த ஈஸ்ட் சோயா சாஸ் வாடையைக் கிளப்பிடும். ஓக் துண்டுகளை போர்பன்ல (அமெரிக்க விஸ்கி) ஊற வச்சுப் போடுங்க, 19 லிட்டருக்கு 50 கிராம் போதும். வாரா வாரம் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, மரம் தூக்கலா தெரியறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், ஏன்னா ஏறிப் போன ஓக்கை இறக்க வழியே கிடையாது.

அடைக்கிறப்ப ஒரு விஷயம், மாசக்கணக்குல கிடந்த ஈஸ்ட் சோர்ந்து போயிருக்கும், அதனால புது ஈஸ்ட் கொஞ்சம் சேத்து, பாட்டில்ல காஸ் உண்டாக லிட்டருக்கு 5 கிராம் சக்கரை போடுங்க. கிராவிட்டி சில நாள் இடைவெளில அசையாம ஒரே மாதிரி நிக்குதான்னு பாத்துட்டு அடைங்க, இல்லேன்னா பாட்டில் வெடிக்கும், கண்ணாடி கண்ணுல பட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

கேள்வி: இங்கயும் வீட்டுல பண்ணலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. இங்கிலாந்துல சொந்த உபயோகத்துக்கு லைசன்ஸ் தேவையில்லன்னு 1963லயே ஆக்கிட்டாங்க, ஆனா தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, வீட்டுல காய்ச்சினா குற்றம். இலங்கை போனா லயன் ஸ்டவுட் வாங்கிப் பாருங்க, 8.8 சதவீதம், ஸ்ட்ராங் ஸ்டவுட்னா எப்படி இருக்கும்னு அதுலயே தெரிஞ்சுக்கலாம்.