கேபிளின் மறுமுனையில் யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் கேபிள் எந்த நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் போகிறது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டுமா? (நாகர்கோவில்)

பிடுங்கவே வேண்டாம். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் என்றால் அதில் பெரும்பாலும் எல்எல்டிபி (LLDP) இருக்கும்; கேபிளின் மறுமுனையில் உள்ள அண்டைக் கருவிக்குத் தன்னை அறிவிக்கும் நெறிமுறை அது. 2005-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட 802.1ஏபி தரம் இது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு போர்ட் வழியாகவும் கருவி தன் அடையாளம், போர்ட்டின் அடையாளம், தகவல் செல்லுபடியாகும் நேரம் ஆகியவற்றைக் கட்டாயம் அறிவிக்கும். பதிலை எதிர்பார்க்காது. ஆகவே இரு முனைகளிலும் இயக்கினால்தான் இருவருக்கும் மற்றவரைத் தெரியும். சிஸ்கோ ஸ்விட்சுகள் பலவற்றில், இதே வேலையைச் செய்யும் அந்த நிறுவனத்தின் சொந்த நெறிமுறையான சிடிபி (CDP) மட்டுமே தானாக ஓடும். ‘எல்எல்டிபி ரன்’ கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

லினக்ஸ் மடிக்கணினியில் எல்எல்டிபிடி (lldpd) என்ற மென்பொருளை நிறுவி, நெட்வொர்க் கேபிளைச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். சற்றுப் பொறுத்து ‘lldpcli show neighbors’ கட்டளை கொடுத்தால், ஸ்விட்சின் பெயரும் போர்ட் எண்ணும் திரையில் வரும். அதற்கு முன், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ‘இயற்பியல் மாடி’ என்பதுபோல் பெயர் வையுங்கள். எல்லாமே ‘ஸ்விட்ச்’ என்றிருந்தால் பட்டியலால் பயனில்லை.

நடுவே ஒரு சிறிய ஸ்விட்ச் இருந்தும், அடுத்த கட்டடத்து சிஸ்கோ ரவுட்டர் நேரடி அண்டையாகத் தெரிகிறதே? (கன்னியாகுமரி, விடுதி)

சிடிபி செய்தி சிஸ்கோவின் தனிக் குழு முகவரிக்குப் போகிறது. பிற நிறுவன ஸ்விட்ச் அதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரப்பிவிடும். எல்எல்டிபி வழக்கமாகப் பயன்படுத்தும் முகவரியோ, ஸ்விட்சுகள் தாண்டவிடக் கூடாதென ஒதுக்கப்பட்டது. ஆனாலும் விலை மலிவான சில ஸ்விட்சுகள் அதையும் கடத்திவிடுகின்றன. ஐபி தொலைபேசி இல்லாத ஒரே போர்ட்டில் இரண்டு அண்டைகள் தெரிந்தால், இடையில் தன்னை அறிவிக்காத ஸ்விட்ச் ஒன்று இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பட்டியலை மட்டும் நம்பி வரைபடம் வரையாதீர்கள்.

கழற்றிய கருவி இன்னும் அண்டைகளின் பட்டியலில் இருக்கிறது. (குலசேகரம்)

தகவல் செல்லுபடியாகும் நேரமான கெடு முடியும்வரை நிற்கக்கூடும். எல்எல்டிபியில் வழக்கமாக 30 விநாடிக்கு ஓர் அறிவிப்பு, கெடு 120 விநாடி. சிடிபியில் முறையே 60, 180 விநாடி.

பட்டியலில் அண்டைக் கருவியின் பெயர் வருவதும் மறைவதுமாக இருக்கிறது. (சின்னமுட்டம்)

உப்புக் காற்று அடிக்கும் இடம். முதலில் கனெக்டர் முனைகளில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்; பிறகு போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள்.

இணையச் சேவையாளரின் கேபிள் வரும் போர்ட்டிலும் எல்எல்டிபியை இயக்கலாமா? (குளச்சல்)

கூடாது. அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடு எல்எல்டிபியில் இல்லை. உங்கள் கருவியின் மாதிரியும் மென்பொருள் பதிப்பும் வெளியே போகும். சிடிபியைக் கையாளும் சிஸ்கோ மென்பொருளில் கடுமையான ஓட்டைகள் இருப்பது 2020-இல் தெரியவந்தது. அந்தப் போர்ட்டில் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். உள்ளே, ஐபி தொலைபேசிகள் இருக்கும் போர்ட்டுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை தமக்குரிய விலேனை (VLAN, அதாவது நெட்வொர்க்குக்குள் பிரிக்கப்பட்ட தனிப் பகுதியை) அறிவது பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.