கப்பல் பயணத்தில் நார்வேயின் பெர்கன் நகரில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

அந்த ஒரு நாளில் பாதியைப் பிரிக்கனுக்கே கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

துறைமுகத்தை ஒட்டிச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிசையாக நிற்கும் மரவீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிரிக்கன், 1979-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். வருகிறவர்களில் நிறையப் பேர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே சந்து போகும், உள்ளே நுழையுங்கள். காலடியில் மரப்பலகை. தலைக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடி நடை, ஒரு காலத்தில் சரக்கைத் தூக்கி ஏற்றிய கப்பி. ஒரு சுவராவது நேராக நிற்க வேண்டுமே! மழை விட்ட நேரமாக இருந்தால் நனைந்த மரத்தின் வாசனை சந்து முழுக்க இருக்கும்.

இவ்வளவையும் கட்ட வைத்தது கருவாடு. வடக்கே லொஃபோடன் தீவுகள் பக்கம் பிடிக்கும் காட் மீனை உப்பே போடாமல் குளிர்காற்றில் விறைக்க விறைக்கக் காயவைத்துப் படகில் இங்கே கொண்டுவருவார்கள். பதிலுக்குத் தானியம் போகும். 1360 வாக்கில் ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வியாபாரிகள் இங்கே நிலையாக அலுவலகம் போட்டார்கள். 1754 வரை அது நடந்தது. தங்கியிருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், கல்யாணம் கட்டக்கூடாது. தீக்குப் பயந்து கிடங்குகளில் அடுப்பு மூட்டவும் தடை. சமைக்கவும் குளிர்காயவும் பின்னால் தனிக் கட்டடங்கள் இருந்தன. மரியா தேவாலயத்துக்குப் பக்கத்தில் அவற்றைப் பார்க்கலாம். அந்த ஊர்க் குளிரில் ஒரு பையன் வேலை முடிந்து அடுப்பில்லாத அறையில் போய்ப் படுத்ததை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டடங்களைப் பாருங்கள்.

பயம் வீண் இல்லை. 1702-இல் ஊரில் பெரும்பகுதி எரிந்தது. பழைய மனைப்பிரிவு மாறாமல் திரும்பக் கட்டினார்கள். 1955-இல் மறுபடி தீ. எரிந்த இடத்தைத் தோண்டியபோது ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து செதுக்கிய குச்சிகளும் எலும்புகளும் 600-க்கு மேல் கிடைத்தன. சரக்குக்கு உரியவர் பெயர், வியாபாரக் கடிதம், காதல், பிரார்த்தனை எல்லாம் அதில் உண்டு. ஒன்றில் ஒரு பெண் 'வீட்டுக்குப் போ' என்று யாருக்கோ சொல்லியனுப்பியிருக்கிறாள். தோண்டிய இடத்திலேயே 1976-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். இதைத் தவறவே விடாதீர்கள்.

மீன் சந்தையைச் சுற்றிப் பாருங்கள், போதும். சாப்பிட உட்கார்ந்தால் விலை கண்ணைக் கட்டும். நாலு தெரு தள்ளிப் போய் மீன் சூப் கேளுங்கள். பாலாடையும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக இருக்கும், குளிருக்கு அதுபோல வேறில்லை.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. குடையைக் காற்று திருப்பிவிடும்; தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துப்போங்கள்.

ஃப்ளோயன் குன்றுக்கு 1918-இலிருந்து ஓடும் இழுவை ரயிலில் ஏறுவதற்கு மட்டும் சீட்டு எடுங்கள், 320 மீட்டர் உயரம்தான். இறங்கும்போது காட்டுப்பாதையில் நடந்தே வந்துவிடலாம். இதற்கென்று நேரம் குறித்து வைக்காதீர்கள். வானம் வெளுத்தால் பிரிக்கனைப் பாதியில் விட்டுவிட்டாவது மேலே போய்விடுங்கள், அரை மணியில் மறுபடி மேகம் மூடிவிடும்.