24 மணி நேர சாகசப் பந்தயம்: எந்த முதுகுப்பை, எப்படி அடுக்குவது?

கேள்வி: நான்கு பேர் அணியாக முதன்முறை 24 மணி நேர அட்வென்ச்சர் ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். மலைப்பாதை ஓட்டம், மலை சைக்கிள், கயாக் (சிறு துடுப்புப் படகு) மூன்றும் உண்டு. ட்ரெக்கிங்குக்கு வாங்கிய 45 லிட்டர் பை என்னிடம் இருக்கிறது. அதுவே போதுமா? எதை எங்கே வைப்பது?

பதில்: அந்தப் பை வேண்டாம். அந்த அளவில் பல பைகள் காலியாகவே ஒன்றரை கிலோ வரும். போதாததற்கு, இடம் இருந்தால் எதையாவது திணித்துக்கொண்டே இருப்போம். உங்களுக்கு 20 முதல் 25 லிட்டர் தாராளம். ஆனால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். அமைப்பாளர்கள் தரும் கட்டாயப் பொருள் பட்டியலைப் பார்த்து மழை ஜாக்கெட், தலையில் மாட்டும் ஹெட்லேம்ப், விசில், அவசரப் போர்வை, முதலுதவிப் பொருட்கள் என எல்லாவற்றையும் சேருங்கள். அந்த மூட்டையோடு கடைக்குப் போய், அங்கேயே நிரப்பி மாட்டிப் பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட்டையும் கொண்டுபோங்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் குனிந்து தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட் பையில் இடித்தால், அது எவ்வளவு லேசான பையாக இருந்தாலும் வேண்டாம்.

கிராம் கணக்கைவிட நான் முக்கியமாக நினைப்பது, பையைக் கழற்றாமல் கை எங்கெல்லாம் எட்டுகிறது என்பதுதான். அணி ஒன்றாகவே நகர வேண்டும். ஒருவர் நின்றால் நால்வரும் நிற்க வேண்டும். மணிக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு நிமிடம், அதுவும் வெவ்வேறு நேரத்தில் நின்றால், மணிக்கு 8 நிமிடம் போச்சு. 24 மணி நேரத்தில் அது மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும்! எந்த விலை உயர்ந்த பையும் அந்த நேரத்தை மீட்டுத் தராது.

அதனால் தோள்பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் பாக்கெட் உள்ள பையாக எடுங்கள். அடுத்த சில மணி நேரத்துக்கான தீனி, கடலை மிட்டாயோ பேரீச்சையோ, அங்கேதான் இருக்க வேண்டும். உறையை முன்பே பிரித்து வையுங்கள். கையுறை போட்ட விரலால் பிரிப்பது பெரும்பாடு. வரைபடமும் திசைகாட்டியும் பைக்குள் போகவே கூடாது. இருட்டுவதற்கு முன்பே ஹெட்லேம்ப் தலைக்கு வந்துவிட வேண்டும்.

தண்ணீர்தான் பையிலேயே கனமான பொருள், லிட்டருக்கு ஒரு கிலோ. குழாய் வைத்த தண்ணீர்ப் பை வசதியானது, ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, நிரப்ப நேரமாகும். தோள்பட்டையில் இரண்டு அரை லிட்டர் மென்பாட்டில்களை (குடிக்கக் குடிக்கச் சுருங்கும் பாட்டில்) வைத்துக்கொண்டு, தண்ணீர் கிடைக்காத நீண்ட கட்டத்துக்கு மட்டும் தண்ணீர்ப் பையை நிரப்புவது என் பரிந்துரை. நிரப்பியதும் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், ஓடும்போது களக் களக் என்று ஆடாது.

அடுக்கும்போது கனமானவை முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். அவசரத்துக்கு மட்டும் தேவைப்படுபவை அடியில், மழை ஜாக்கெட் மேலே. நீர் புகாது என்று சொல்லி விற்கும் முதுகுப்பையை கயாக்கில் நம்பாதீர்கள். மாற்றுத் துணிக்கு ஒன்று, மின்கலத்துக்கு ஒன்று எனச் சின்னச் சின்ன டிரை பேக்குகளை (வாயைச் சுருட்டி மூடும் நீர்புகா உறைகள்) வெவ்வேறு நிறத்தில் வாங்கி முதுகுப்பைக்குள் வையுங்கள். நள்ளிரவில் தேடும்போது நிறம் கைகொடுக்கும். அவற்றின் வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டிப் பூட்டுங்கள். கயாக்கில் ஏறியதும் பையைப் படகோடு கட்டிவிடுங்கள். உடம்பில் லைஃப் ஜாக்கெட் மட்டும் போதும்.

அணிக்குப் பொதுவான பொருட்களைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்க வேண்டாம். பலமானவர் கூடுதலாகத் தூக்கினால்தான் அணியின் வேகம் கூடும். இதில் கௌரவம் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

பந்தயத்துக்கு முன், முழு எடையோடு, சட்டையை நனைத்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் ஓடிப் பாருங்கள். பட்டை எங்கே உரசுகிறது என்று அப்போது தெரியும். அந்த இடத்தில் வாசலின் தடவியும் எரிச்சல் நிற்கவில்லை என்றால், பையை மாற்றிவிடுங்கள்.